கரிசற் பூமியில் நாய்களுக்கு உண்டாகும் நோய்களும் அவற்றைத் தடுக்கும் முறைகளும்

கோவிற்பட்டி, கடம்பூர், கயத்தாறு, கழுகுமலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மானாவாரிக் கரிசற் பூமியில் நாய் இல்லாத கிடையையும், நாய் இல்லாத தோட்டத்தையும் காண்பது அரிது. கன்னி, சிப்பிப்பாறை என்னும் நாய்வகைகள் இப்பிரதேசத்துக்கே உரியவை. முன்னாளில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பெற்ற இவை, 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிய பின்னர், வீட்டுக்கும் வெள்ளாமைக்கும் காவலாக நிற்கின்றன. மக்காச்சோளக் காட்டில் பன்றியை விரட்டுவதும், இரவில் கிடையைக் காப்பதும் பெரும்பாலும் நாயின் வேலையே.

இவ்வளவு உபயோகமுள்ள பிராணிக்கு நோய் கண்டால் நாம் காட்டும் கவனம் மிகச் சொற்பம். மாடு இரை எடாவிட்டால் அன்றைக்கே வைத்தியரைத் தேடும் குடியானவர், நாய் படுத்தால் தானே எழுந்துவிடும் என்று விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. நாய்களுக்கு வரும் கொடிய நோய்களிற் பல, முற்றிய பின்னர் எவ்விதச் சிகிச்சைக்கும் அடங்குவன அல்ல. வருமுன் தடுப்பதோ எளிது, செலவும் குறைவு. அன்றியும் இந்நோய்களுட் சில நாயோடு நில்லாமல் ஆட்டுக்கும், வீட்டுக் குழந்தைக்கும் பரவுவன. ஆகையால் நாயின் சுகத்தைப் பேணுவது குடும்பத்தின் சுகத்தைப் பேணுவதே என்பதைக் குடியானவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

சுகமுள்ள நாயின் அடையாளங்கள்

நோயை அறியவேண்டுமானால் முதலிற் சுகத்தை அறிந்திருத்தல் வேண்டும். சுகமுள்ள நாயின் கண்கள் பீளையின்றித் தெளிவாயிருக்கும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாகத் தோன்றும். விரலால் அழுத்தி எடுத்தவுடன் வெளுத்த இடம் இரண்டொரு விநாடியில் மறுபடி சிவக்கும். பிடரித்தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படியும். படியாமல் நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறதென்று கொள்ளலாம். ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை உஷ்ணம் இருப்பது இயல்பு. 103-க்கு மேற்போனால் ஜுரம் என்று சந்தேகிக்கவேண்டும். மூக்கு உலர்ந்திருப்பதை மட்டும் வைத்து ஜுரத்தைத் தீர்மானிக்கலாகாது.

கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் இயல்பாகவே ஒட்டிய வயிறும் மெலிந்த தேகமும் உடையவை. ஆதலால் நோயினால் உண்டாகும் மெலிவை இவற்றின் சொந்தக்காரர்கள் பல சமயம் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். விலாவெலும்பு தெரிவதை மட்டும் பாராமல் ஈற்றின் நிறம், மயிரின் பளபளப்பு, ஓட்டத்தின் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். வாரத்துக்கொருமுறை நாயைக் கட்டிவைத்து, தலை முதல் வால் வரை கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் மிகவும் நல்லது.

வெறிநோய்

எல்லா நோய்களிலும் கொடியது வெறிநோய். இஃது ஒரு வகை வைரஸ் கிருமியால் உண்டாவது. நோய் கொண்ட பிராணியின் உமிழ்நீரில் இக்கிருமி இருந்து, கடியின் மூலம் உடலிற் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மூளையைச் சென்று சேர்கிறது. கடிபட்ட நாய்க்குக் குறிகள் தோன்றப் பெரும்பாலும் மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். சில சமயம் பல மாதங்களும் செல்லும். குறி கண்டபின் நாய்க்கும் சிகிச்சை இல்லை. மனிதருக்கும் அநேகமாக மரணமே முடிவு. உலகத்தில் வருஷந்தோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களில் சுமார் மூன்றிலொரு பங்கினர் இந்தியர்கள். சந்தேகத்துக்குரிய பிராணிகளாற் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

நோயின் முதற்குறி குணமாற்றம். பழகிய நாய் மூலையில் ஒதுங்கும்; முரட்டு நாய் அளவுக்கு மிஞ்சிக் குழையும். பின்னர் நோய் இரண்டு வகையில் ஒன்றாக வெளிப்படும். ஒரு வகையில் நாய் காரணமின்றி ஓடி, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும். மண், கட்டை, துணி முதலியவற்றைத் தின்னும். குரைப்பின் ஓசை மாறி ஊளைபோல் ஒலிக்கும். மற்றொரு வகையாகிய மௌன வெறியில் தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமற்போகும். தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி வாயினுள் கையை விடுபவர்கள் பெரும் அபாயத்துக்கு உள்ளாகிறார்கள். ஆகையால் தாடை தொங்கிய நாயின் வாயில் எக்காரணம் பற்றியும் கைவிடலாகாது. வெறி கொண்ட மாடும் இதுபோலவே விழுங்க மாட்டாமல் எச்சில் வடிக்கும். அதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இந்நோயைப் பற்றி வழங்கும் தவறான எண்ணங்களை இங்கே குறிப்பிடுதல் அவசியம். வெறி கொண்ட நாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்பர். நீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதருக்கே உரிய குறி. நாய் தண்ணீர் குடிப்பதைக் கண்டு வெறியில்லை என்று தீர்மானித்தல் தவறு. வெறி கோடையில் மட்டுமே வரும் என்பதும், குட்டி கடித்தால் தீங்கில்லை என்பதும் உண்மையல்ல.

கடிபட்டவர் செய்யவேண்டுவது யாதெனில், காயத்தை உடனே சோப்பினாலும் ஓடும் தண்ணீரினாலும் பதினைந்து நிமிஷம் விடாமற் கழுவுதல். கிருமியை வலியழிக்க இதைவிட எளிய உபாயம் வேறில்லை. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, பச்சிலைச் சாறு முதலியவற்றைக் காயத்தில் அப்பலாகாது. காயத்தை இறுகக் கட்டலுமாகாது. பிறகு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ செல்லவேண்டும். தோலில் இடும் முறையில் கடிபட்ட நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என நான்கு தவணைகளில் தடுப்பூசி போடப்படுகிறது. இரத்தம் வந்த காயமாயின் காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்பு மருந்து செலுத்துவதும் உண்டு. முன்னாளில் வயிற்றில் பதினான்கு ஊசி என்ற அச்சத்தால் பலர் வைத்தியத்துக்கு வராமலே மாண்டனர். அந்தப் பழைய மருந்து, ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பெற்று 1911-ம் வருஷம் முதல் வழங்கி வந்தது. 2004-ம் வருஷத்தோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. 1907-ம் வருஷத்தில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெறுவதற்கு முன், நம் பக்கத்தில் கடிபட்டவர் வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி வரை பிரயாணம் செய்யவேண்டியிருந்தது. இன்று மருந்து அருகிலிருக்கிறது. தாமதம் ஒன்றே நம்முடைய சத்துரு.

கடித்த நாயை அடித்துக் கொல்வது பிசகு. கூடுமாயின் அதை ஒருவரும் அணுகாதபடி பத்திரமாகக் கட்டிப் பத்து நாள் கவனிக்கவேண்டும். பத்து நாளும் சுகமாயிருக்குமாயின், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று உறுதிகொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் கூடாது. நாய் இறந்துவிட்டால் வெறுங்கையால் தொடாமற் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்கவேண்டும். கடிபட்ட மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதேபோல் காயத்தைக் கழுவி, தவணை தவறாமல் ஊசி போடுவித்தல் வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் முன்தடுப்பு ஒன்றே. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் ஓர் ஊசி, பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் மற்றோர் ஊசி, அதன்மேல் வருஷத்துக்கொரு முறை. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபது தடுப்பூசி பெற்றிருந்தால் அவ்வூரில் நோய் பரவ வழியில்லாமற் போகும்.

குட்டிகளைக் கொல்லும் இரண்டு தொற்று நோய்கள்

டிஸ்டெம்பர் என்னும் நோய், 2011-ம் வருஷத்தில் உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பெற்ற மாட்டு வெக்கை நோய்க்கு உறவான கிருமியால் உண்டாவது. முதலில் ஜுரம், பின் கண்ணிலும் மூக்கிலும் சீழ்போன்ற கசிவு, இருமல், கழிச்சல். பாதத்தின் அடித்தோல் தடித்துக் கடினமாவதுமுண்டு. சில வாரங்களில் வலிப்பு வரும். அல்லது ஒரு கால் தாளம் போடுவதுபோல் ஓயாமல் துடிக்கும். பிழைத்த நாய்களிலும் இத்துடிப்பு ஆயுள் முழுதும் நிற்பதுண்டு.

பார்வோ என்னும் நோய் உலகத்துக்கே புதியது. 1978-ம் வருஷத்தில் அடையாளம் காணப்பெற்று, 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையிலும் தோன்றிவிட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே இது பெரும்பாலும் பற்றும். குட்டி சோர்ந்து, ஓயாது வாந்தியெடுத்து, துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல் கழித்து, இரண்டு மூன்று நாளில் இறந்துபோகும். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. உடலில் வற்றிய நீரை நரம்பு வழியாக ஏற்றி, குட்டியைத் தாங்கி நிறுத்துவதே சிகிச்சை. ஆதலால் இரண்டாவது வாந்தியிலேயே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

கவனிக்கத்தக்கது மற்றொன்று. பார்வோக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஒரு குட்டி மாண்ட இடத்தில் அடுத்த வாரமே வேறொன்றைக் கொண்டுவந்து கட்டினால் அதுவும் மாளும். சாக்குப்படுக்கையைக் கொளுத்தி, சிமிட்டித் தரையையும் தட்டுமுட்டுகளையும் சலவைத்தூள் கரைசலால் கழுவி, மண்தரையாயின் வேறிடம் மாற்றவேண்டும். இவ்விரு நோய்க்கும் சேர்ந்த தடுப்பூசி உண்டு. அதனை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொரு முறையாகக் குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட்டு, பின்பு மருத்துவர் கூறும் இடைவெளியில் திரும்பப் போடவேண்டும். தாயின் பாலால் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் பலனைக் கெடுக்கக்கூடுமாதலால் ஒரே ஊசியோடு நிறுத்துவது போதாது.

உண்ணியும் உண்ணி ஜுரமும்

உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவது மட்டுமன்று. இரத்தத்தில் நோயணுக்களைப் புகுத்தியும் விடுகிறது. அவ்வணுக்களுள் ஒன்று 1910-ம் வருஷத்தில், சென்னையில் ஐரோப்பியர் வைத்திருந்த வேட்டை நாய்களின் இரத்தத்தில் முதன்முதல் கண்டறியப்பட்டு, பின்னர் நரியின் இரத்தத்திலும் காணப்பெற்றது. எனவே ஓடைக்கரையிலும் உடைமரக் காட்டிலும் திரியும் நம் நாய்களுக்கு இந்நோய் புதியதன்று. ஜுரம், ஆகாரத்தில் வெறுப்பு, வெளுத்த ஈறு, கறுத்த மூத்திரம், வயிற்றுத்தோலில் சிவந்த புள்ளிகள், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை இதன் குறிகள். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்து எவ்வணு என்று அறிந்து மருந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கும். அணு வேறாயின் மருந்தும் வேறாதலால் ஊகத்தால் சிகிச்சை செய்யலாகாது.

உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின்மீதேறி இரத்தங் குடித்து, மூன்று முறையும் கீழே இறங்கிவிடும். பெண் உண்ணி சுவர் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே நாயின் மேலுள்ள உண்ணியை மட்டும் ஒழித்தாற் பயனில்லை. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது நாய் படுக்கும் இடத்துச் சுவரின் வெடிப்புகளையும் அடைத்துப் பூசவேண்டும். ஒட்டிய உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டி முள்வாங்கியால் பற்றி நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலிட்டுக் கொல்லவேண்டும். விரலிடுக்கும் காதின் உட்புறமும் உண்ணி மறையும் இடங்கள்.

குடற்புழுக்கள்: நாயிலிருந்து ஆட்டுக்கும் மனிதருக்கும்

குட்டிகள் வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து, வளர்ச்சி குன்றியிருப்பின் உருண்டைப்புழு என்று அறியலாம். இது தாயின் கருப்பையிலேயே குட்டியைச் சேர்ந்துவிடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வந்து இரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுத்து, மலம் தார்போற் கறுத்திருக்கும். உருண்டைப்புழுவின் முட்டை கலந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்வழியே அது உட்சென்று கண்ணைக் கெடுப்பதுமுண்டு. குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை பதினைந்து நாளுக்கொரு முறையும், பின்பு ஆறாம் மாதம் வரை மாதமொரு முறையும், அதற்குமேல் மூன்று மாதத்துக்கொரு முறையும் புழுநீக்க மருந்து கொடுக்கவேண்டும். தாய்க்கும் உடன் கொடுத்தல் முறை.

கிடை வைத்திருப்போர் முக்கியமாக அறியவேண்டியது நாடாப்புழுவைப் பற்றி. சில ஆடுகள் மந்தையை விட்டு விலகி, தலையை ஒருபுறம் சாய்த்து, ஒரே வட்டமாகச் சுற்றி, மெலிந்து மாள்வதைக் கீதாரிகள் பார்த்திருப்பர். அவ்வாட்டின் மண்டையைப் பிளந்து பார்த்தால் மூளையில் நீர் நிறைந்த பை ஒன்று காணப்படும். அது நாயின் குடலிலுள்ள நாடாப்புழுவின் இளம்பருவமேயாகும். நாயின் மலத்தோடு வெளிவந்த முட்டையைப் புல்லோடு ஆடு தின்கிறது. ஆட்டின் மூளையில் பை வளர்கிறது. செத்த ஆட்டின் தலையை நாய்க்கு எறிகிறோம். நாயின் குடலில் மறுபடி புழு வளர்கிறது. இவ்வாறு நம் கையாலேயே நோயைச் சுழலவிடுகிறோம்.

இதைவிடக் கொடியது ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பைகளை உண்டாக்கும் மற்றொரு நாடாப்புழு. நாயின் குடலில் அது அரிசி நீளம்கூட இராது. ஆனால் அதன் முட்டை மனிதர் வயிற்றிற் சென்றால் அவர்கள் ஈரலிலும் அதே நீர்ப்பை வருஷக்கணக்காய் வளர்ந்து, அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடக்கூடும். மனிதருக்கு இந்நோய் ஆட்டிறைச்சியால் வருவதன்று. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பதாலும், நாய் மலம் பட்ட கீரையாலும் தண்ணீராலும் வருவது.

ஐஸ்லாந்து என்னும் குளிர்ந்த தீவு ஒரு காலத்தில் இந்நோய்க்குப் பேர்போனது. அங்கும் வீட்டுக்கு வீடு ஆடும் நாயுமே செல்வம். 1864-ம் வருஷத்தில் கிராபே என்னும் டென்மார்க்கு தேசத்து அறிஞர் எழுதிய சிறு புத்தகம் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நீர்ப்பையுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாதீர், புதையுங்கள் அல்லது எரியுங்கள். நாய்க்குப் புழுமருந்து கொடுங்கள் என்பதே அதன் சாரம். சில வருஷங்களுக்குள் சட்டமும் துணைவந்தது. காலக்கிரமத்தில் அந்நோய் அத்தீவை விட்டே அகன்றது. அவர்கள் செய்ததை நாமும் செய்யலாம். செத்த ஆட்டை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கவேண்டும். அறுப்புக் கழிவை நாய்க்கு எறியாமல், போடுவதாயின் அரைமணி நேரம் கொதிக்கவைத்துப் போடவேண்டும். கிடை நாய்க்கு நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிக்வாண்டல் சேர்ந்த மருந்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கொடுக்கவேண்டும்.

இதர நோய்கள்

சொறி இருவகை. ஒன்று காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கி ஓயா அரிப்பைத் தரும். மற்ற நாய்களுக்கும், சில நாட்களுக்கு மனிதருக்கும் பற்றும். மற்றொன்று முகத்திலும் முன்னங்காலிலும் மயிர் உதிர்ந்து திட்டுத்திட்டாய்த் தோன்றும். அரிப்பு குறைவு, பிறருக்குப் பரவாது. தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தே இன்னதென்று துணியவேண்டும்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலியின் மூத்திரம் கலப்பதால் எலிக்காய்ச்சல் வரும். ஜுரத்தோடு கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் அதைச் சந்தேகிக்கலாம். மனிதருக்கும் பரவுவதாகையால் அந்நாயின் மூத்திரத்தில் கைபடலாகாது. சித்திரை வைகாசி வெயிலில் நிழலின்றிக் கட்டப்பட்ட நாய் மூச்சிரைத்துத் தள்ளாடி விழுமாயின் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடம்பு முழுதும் தண்ணீரை ஊற்றி விசிறவேண்டும்.

செய்யத்தகாத சிகிச்சைகள்

பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை உண்ணிக்கென்று நாயின்மேல் ஊற்றுவது நாயைக் கொல்லும், தடவுகிறவரையும் தாக்கும். சொறிக்குப் பழைய இன்ஜின் எண்ணெயைப் பூசினால், நாய் அதை நக்கி ஈரல் கெடும். மனிதர் ஜுரத்துக்குச் சாப்பிடும் பாரசிட்டமால் முதலிய மாத்திரைகளையும், ஆட்டுக்கு வாங்கிவைத்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நாய்க்குக் கொடுக்கலாகாது.

வருஷ முறை

புரட்டாசி: விதைப்பு மழைக்கு முன், செப்டம்பர் 28-ந் தேதி உலக வெறிநோய் நாளை ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசி. அச்சமயம் பல இடங்களில் முகாம்கள் நடைபெறுவதுண்டு.
ஐப்பசி, தை, சித்திரை, ஆடி: குடற்புழு மருந்து.
மார்கழி: வெடிப்புகளைப் பூசி வெள்ளையடித்தல்.
மாசி முதல் ஆனி வரை: வாரந்தோறும் உண்ணி பார்த்தல்; நிழலும் தண்ணீரும்.
குட்டி வாங்கும்போது: எட்டு வாரத்துக்குக் குறைந்ததை வாங்காதிருத்தல், ஊசிபோட்ட சீட்டைக் கேட்டு வாங்குதல்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் வெறிநோயும் சேர்ந்தது. அட்டவணை நோய் என்று சந்தேகித்தாற்கூட, பிராணியின் சொந்தக்காரர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கவேண்டும். தகவலைக் கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலம் சேர்ப்பிப்பது அலுவலரின் பொறுப்பு. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பதை 2023-ம் வருஷத்து விதிகள் உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியிருக்கின்றன. ஊரிலுள்ள வளர்ப்பு நாய், தெருநாய் இரண்டையும் எண்ணிப் பதிவு செய்துவைத்தால் எழுபது சதவிகிதம் எட்டியதா என்பது தெரியவரும். எண்ணிக்கை இல்லாத ஊரில் முகாம் நடத்தியும் பலன் அளக்க முடியாது. இறைச்சிக்கடைக் கழிவைப் பள்ளத்தில் புதைக்கச் செய்வதும், கடிபட்டவர் நான்கு தவணையும் முடித்தாரா என்று விசாரிப்பதும் அவர்கள் எளிதிற் செய்யக்கூடிய பேருதவியாகும்.

மேற்சொன்னவற்றில் எதுவும் ஒரு சாதாரணக் குடியானவரின் சக்திக்கு மேற்பட்டதன்று. வரும் புரட்டாசிக்குள் தத்தம் நாய்களைக் கடம்பூர், கயத்தாறு, கோவிற்பட்டி என அவரவருக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்று ஊசி போடுவித்து, தேதி குறித்த சீட்டைப் பத்திரப்படுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.